ஐம்பதுக்கு மேல் அப்பாவுக்கு என்ன?

காப்பியில் சர்க்கரை குறைந்ததற்காக வீடே அதிரக் கத்திவிட்டு, பிறகு ஈஸிசேரில் சாய்ந்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத் தலைவரை நாம் அறிவோம். இரவில் தூக்கமில்லை, தாம்பத்தியத்தில் நாட்டமில்லை. "வயதாகிவிட்டது" என்கிறார் அவர். "நான் என்ன குற்றம் செய்தேன்?" என்று சமையலறையில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள் மனைவி.

இருவர் நினைப்பும் சரியல்ல. 1935-ல் ஆம்ஸ்டர்டாம் விஞ்ஞானிகள் பிரித்தெடுத்துப் பெயரிட்ட டெஸ்டாஸ்டிரோன் என்னும் சுரப்பு, ஸ்திரீகளுக்கு மாதவிடாய் நிற்பதுபோல் புருஷர்களுக்குத் திடீரென்று நின்றுவிடுவதில்லை. நாற்பதையொட்டி, வருஷத்துக்குச் சுமார் நூற்றில் ஒரு பங்காக மெள்ளக் குறைகிறது. 2010-ல் வெளியான ஐரோப்பிய ஆராய்ச்சியில், 40 முதல் 79 வயது வரையுள்ள ஆண்களில் நூற்றுக்கு இரண்டு பேரிடமே அது வியாதியாகக் காணப்பட்டது. மற்றவர்களை வாட்டுவது நீரிழிவாக இருக்கலாம். தைராய்டுக் கோளாறு, தொந்தி, மனச்சோர்வு, குறட்டையால் கெடும் தூக்கம் இவையாகவும் இருக்கலாம்.

ஆகவே, விளம்பர லேகியத்துக்குப் பணம் அனுப்புமுன் ஒரு நாள் காலையில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது சிலாக்கியம். சுரப்பு குறைவென்று கண்டால், இன்னொரு காலையும் பார்த்த பிறகே வைத்தியர் முடிவு சொல்வார். ஆனால் அவர் முதலில் வைத்தியரின் படி ஏற வேண்டுமே! கோபம் தணிந்த வேளையாகப் பார்த்து, "நாம் இருவருமே போய்ப் பரிசோதித்துக்கொண்டு வருவோம்" என்று மனைவி சொல்லிப் பார்க்கலாம்.