பட்டறை அறிவு – 17: இரும்புக்குப் பழகிய கையும் அலுமினியமும்

சென்ற வாரம் இரும்புத் தகடுகளை மிக் மெஷினில் பற்றவைப்பதைப் பார்த்தோம். அதே மெஷினால் அலுமினியத்தையும் பற்றவைக்க முடியுமா என்பது அடுத்து எழும் கேள்வி. பட்டறையில் கேட்டால் "அதெல்லாம் ஆகாது, அதுக்கு ஆர்கான் வெல்டிங்தான்" என்பார்கள். ஆர்கான் வெல்டிங் என்று அவர்கள் சொல்வது டிக் முறையை. மெஷின் விற்கும் கடையில் கேட்டால் "தாராளமா ஆகும், ஆம்பியரைக் கூட்டிக்குங்க" என்பார்கள். இரண்டு பதில்களும் மெஷினையே பார்க்கின்றன. வீட்டுக் கொட்டகையில் வைத்திருக்கும் 200 ஆம்பியர் மெஷின், 3 முதல் 5 மி.மீ. வரையுள்ள அலுமினியத் தகட்டுக்குப் போதும் என்பதே என் வாதம். வேலை கெடுவது பெரும்பாலும் வேறு இடத்தில். இரும்பில் சரியாக இருந்த பழக்கங்கள் பல அலுமினியத்தில் தலைகீழாகத் தப்பாகின்றன; அவற்றை விடாமல் எவ்வளவு பெரிய மெஷினை வாங்கினாலும் பயனில்லை.

இந்த முறையின் பிறப்பே இதற்கு முதல் சாட்சி. மிக் முறை 1948-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள பேட்டல் ஆய்வு நிறுவனத்தில் உருவானது. உருவாக்கியவர்களின் முதல் நோக்கம் இரும்பு அல்ல. அலுமினியம் போன்ற உலோகங்கள்தான். ஆர்கான், ஹீலியம் போன்ற மந்த வாயுக்களின் விலை இரும்பு வேலைக்குக் கட்டுப்படியாகவில்லை. 1953-இல் கார்பன் டை ஆக்சைடை வைத்தே எஃகைப் பற்றவைக்கலாம் என்று தெரிந்த பிறகுதான் இந்த முறை இரும்புப் பட்டறைகளுக்குள் பரவியது. நம் ஊரில் இதற்கு 'சி.ஓ.டூ. வெல்டிங்' என்றே பெயர் விழுந்துவிட்டது. ஆக, நாம் வாங்கும் மெஷினோடு வரும் வி வடிவப் பள்ளமுள்ள ரோலரும், எஃகுச் சுருள் லைனரும், சி.ஓ.டூ. சிலிண்டரும் இரும்புக்காக அமைந்த ஏற்பாடுகள். மின்சாரப் பகுதியை மாற்றத் தேவையில்லை. மாற்ற வேண்டியவை இந்தத் துணைப் பொருட்கள்தான்.

வாயுவில் சமரசம் கிடையாது. தூய ஆர்கான் மட்டுமே. இரும்புக்குப் பயன்படும் ஆர்கான்–சி.ஓ.டூ. கலவையும் ஆகாது. உருகிய அலுமினியம் அந்த வாயுவிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும். கிடைப்பது கரி படிந்த, துளைகள் நிறைந்த குப்பை. கேஸ் இல்லாத மெஷின் என்று மலிவாக விற்பவை ஃப்ளக்ஸ் நிரப்பிய எஃகுக் கம்பிக்கானவை, அவற்றை இந்த வேலைக்கு நினைக்கவே வேண்டாம். அந்தக் கம்பியை ஓட்டுவதற்காக டார்ச்சை நெகட்டிவில் மாட்டியவர்கள் மறக்காமல் பாசிட்டிவுக்கு மாற்ற வேண்டும். டார்ச் பாசிட்டிவாக இருக்கும்போதுதான் ஆர்க் தகட்டின் மேலுள்ள ஆக்சைடு படலத்தை உடைத்துத் தள்ளும். டிக் முறையில் இதற்காகவே ஏ.சி. மின்சாரம் தேவைப்படுகிறது, மிக் முறையில் இந்த வசதி சும்மா கிடைக்கிறது.

அடுத்தது கம்பி. அலுமினியத்தைப் பழகத் தொடங்குபவர்கள் பாதி வழியில் கைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எஃகுக் கம்பி விறைப்பானது, மூன்று மீட்டர் டார்ச் குழாய்க்குள் தள்ளினால் போய்ச் சேரும். அலுமினியக் கம்பியைத் தள்ளுவது நூலின் வாலைப் பிடித்துக் குழலுக்குள் தள்ளுவது போன்றது. எங்காவது கொஞ்சம் தடை வந்தால் போதும், ரோலருக்கும் லைனருக்கும் நடுவில் கம்பி சுருண்டு சிக்காகிவிடும். இதற்கு ரோலரை இறுக்குவது இரும்புப் பழக்கம். இங்கே அது நோயைக் கூட்டும். வி பள்ளத்தில் இறுக்கினால் மென்மையான கம்பி நசுங்கும், உதிரும் தூள் லைனரை அடைக்கும், நசுங்கிய கம்பி டிப்பில் மாட்டும். யு வடிவப் பள்ளமுள்ள ரோலர், டெஃப்லான் லைனர், அலுமினியத்துக்கென்று சற்றுப் பெரிய துளையோடு வரும் டிப் ஆகிய மூன்றையும் மாற்றி, டார்ச் குழாயை வளைக்காமல் நேராகப் போட்டு, ரோலரைத் தளர்வாக வைத்தால் சாதாரண டார்ச்சிலேயே கம்பி ஓடும். கம்பிச் சுருளை டார்ச்சின் மேலேயே மாட்டும் ஸ்பூல் கன் இருந்தால் இந்தத் தலைவலி முழுதும் போய்விடும். ஆனால் அதைப் பொருத்தும் வசதி எல்லா மெஷினிலும் இல்லை, வாங்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். கம்பி வகையிலும் தேர்வு உண்டு. 5 சதவீத மக்னீசியம் கலந்த 5356 கம்பி விறைப்பானது, நன்றாக ஓடும். 5 சதவீத சிலிக்கான் கலந்த 4043 இன்னும் மென்மையானது, ஆனால் வார்ப்புப் பொருட்களுக்கும் சூடேறும் பாகங்களுக்கும் அதுவே ஏற்றது. நீண்ட நேரம் 65 டிகிரிக்கு மேல் சூட்டில் இருக்கும் பொருளில் 5356 கூடாது.

சுத்தம் செய்வது இந்த வேலையில் பாதி. இரும்பில் லேசான துருவும் பெயின்ட்டும் இருந்தாலும் எப்படியோ சமாளிக்கலாம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும்; அதன் மேலுள்ள ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். படலம் மெல்லியதாக இருந்தால் ஆர்க்கே உடைத்துவிடும். வெயிலிலும் மழையிலும் கிடந்து தடித்த படலத்தை உடைக்காது. அடியில் உலோகம் உருகி ஓட, மேலே தோல் அப்படியே நிற்கும். ஜன்னல் செக்‌ஷன்களில் அனோடைஸ் செய்த பூச்சு என்பது வேண்டுமென்றே தடிப்பாக்கிய இதே ஆக்சைடுதான். மின்சாரத்தையும் அது கடத்தாது என்பதால், எர்த் கிளாம்ப் மாட்டும் இடத்தையும் சேர்த்துச் சுரண்ட வேண்டும். முதலில் அசிட்டோனால் எண்ணெய்ப் பசையைத் துடைத்து, உலர்ந்த பிறகே பிரஷ் போடுவது முறை. மாற்றிச் செய்தால் எண்ணெயை உலோகத்துக்குள் தேய்த்துவிட்டதாக ஆகும். பிரஷ் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியால் ஆனதாக, இரும்பையே தொடாததாக இருக்கட்டும்.

பசையும் ஈரமும் ஏன் இவ்வளவு முக்கியம்? அவற்றிலிருந்து வரும் ஹைட்ரஜனை உருகிய அலுமினியம் தாராளமாக உள்வாங்கும். உறையும் கணத்தில், திட உலோகத்தைவிட உருகியதில் சுமார் 20 மடங்கு அதிகமாக அது கரைந்திருக்கும். அந்த மிச்சம் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே குமிழியாக நின்றுவிடுவதுதான் நாம் பார்க்கும் பொடித் துளைகள். கடலோர ஊர்களின் மழைக்காலத்தில் கம்பிச் சுருளை மெஷினிலேயே விட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து வந்து துளை விழுகிறது என்று மெஷினைத் திட்டுவதில் நியாயமில்லை. இங்கே ஓர் எச்சரிக்கை. பிரேக் கிளீனர் போன்றவற்றில் சில வகைகள் குளோரின் கலந்தவை. அவற்றின் மிச்சத்தின் மேல் ஆர்க் பட்டால் ஃபாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உண்டாகும். அவை பட்டறைக்குள்ளேயே வர வேண்டாம்.

'வீட்டு மின்சாரத்துக்கு இந்த மெஷின் தாங்குமா' என்பது நியாயமான ஆட்சேபம். அலுமினிய உலோகக்கலவைகள் சாதாரண எஃகைவிட மூன்று, நான்கு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் தொடக்கத்திலேயே சூடு அள்ளிக்கொண்டு போகும். 3 மி.மீ. தகட்டில் கம்பி துளித் துளியாகத் தெறித்து இறங்கும் ஸ்ப்ரே நிலையில் வேலை செய்ய ஏறத்தாழ 120 ஆம்பியர், 21 அல்லது 22 வோல்ட் வேண்டும். பெருக்கினால் சுமார் 2,600 வாட். மெஷினின் இழப்பையும் சேர்த்தால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 14 ஆம்பியர், பவர் ஃபேக்டர் குறைந்த இன்வெர்ட்டரில் 20-ஐயும் தொடலாம். 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு இது விளிம்பு, அதற்கென்று தனி வயரும் எம்.சி.பி.யும் போட்டால் போதும். மூன்று பேஸ் இணைப்பு வேண்டியதில்லை. 6 மி.மீ.க்குப் போனால் இந்தக் கணக்கு உடையும். தகட்டை 100 டிகிரி வரை முன்சூடாக்குவது கொஞ்சம் கைகொடுக்கும், அதற்கு மேல் சூடாக்கினால் தகட்டின் பலம் போகும். இன்னொரு தொல்லை: சிவந்து எச்சரிக்கும் குணம் அலுமினியத்துக்கு இல்லை. நிறம் மாறாமலே உருகி விழும். தொடக்கத்தில் குளிர்ந்து ஒட்டாத அதே தகடு கடைசியில் ஓட்டையாகும் என்பதால், போகப் போக டார்ச்சை வேகமாக நகர்த்த வேண்டும். இழுக்காமல் முன்னோக்கித் தள்ளியே போக வேண்டும். இழுத்தால் வாயு மறைப்பு பின்தங்கிக் கரி படியும். முடிக்கும் இடத்தில் குழியை நிரப்பாமல் கையை எடுத்தால் அங்கேயே நட்சத்திர வடிவில் வெடிக்கும்.

டிக்கும் பல்ஸ் மிக்கும் இதைவிட மேல் என்பவர்களுடன் எனக்குச் சண்டையில்லை. 2 மி.மீ.க்குக் கீழே, குறிப்பாக ஜன்னல் செக்‌ஷன்களில், அவர்கள் சொல்வதே சரி. சாதாரண மிக்கில் ஆம்பியரைக் குறைத்தால் கம்பி தகட்டைத் தொட்டுத் தொட்டு இறங்கும். மேலே அழகான வரி விழும், அடியில் ஒட்டியிருக்காது. ஆனால் அலுமினியம் பற்றவைக்கக் கூடிய ஏ.சி. டிக் மெஷின், வெறும் டி.சி. டிக்கைப் போலப் பல மடங்கு விலை. டெம்போ பாடிக்குப் போடும் 3 மி.மீ. செக்கர்டு தகடு, மெஷின் உறை, அலமாரிச் சட்டம் போன்ற வேலைகளுக்காக அவ்வளவு பணம் போடச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் மறுக்க முடியாத ஆட்சேபம் ஒன்று உண்டு, அது பலம் பற்றியது. 6061-டி6 தகட்டின் இழுவிசைத் தாங்குதிறன் சுமார் 310 மெகாபாஸ்கல். பற்றவைத்த பிறகு அந்த இடத்தில் வடிவமைப்பாளர்கள் நம்பிக் கணக்கிடுவது 165 மட்டுமே. எவ்வளவு கைதேர்ந்தவர் வெல்டு வைத்தாலும் இது நடக்கும், ஏனென்றால் பலம் குறைவது வெல்டில் மட்டுமல்ல, அதன் இருபுறமும் ஒரு அங்குலம் வரை சூடேறிய தகட்டிலும். தொழிற்சாலையில் எக்ஸ்ரேயும் மறுபடி வெப்பப்பதனமும் உண்டு. கொட்டகையில் அவை இல்லை. வீட்டில் இருக்கும் ஒரே பரிசோதனை உடைத்துப் பார்ப்பது. இரண்டு துண்டுகளை டி வடிவில் வைத்து ஒரு பக்கம் மட்டும் வெல்டு போட்டு, வைஸில் பிடித்துச் சுத்தியலால் மடக்கினால் வேர் திறக்கும். ஒட்டாத இடம், குமிழி எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பார்ப்பதற்கு அழகான வரியை நம்பி இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

ஆகவே பிரஷர் குக்கர், ஏணி, வண்டியின் சட்டம், இழுவைக் கொக்கி ஆகியவற்றை எவ்வளவு வேண்டிக் கேட்டாலும் இந்த மெஷினில் எடுக்காதீர்கள். மற்ற வேலைக்கு முன், அதே தகட்டின் வெட்டுத்துண்டில் ஒரு டி ஜாயின்ட் போட்டு உடைத்துப் பாருங்கள். வேர் முழுதும் ஒட்டியிருந்தால் வேலையைத் தொடங்குங்கள். இல்லையென்றால் ஆம்பியரைத் தொடுவதற்கு முன் பிரஷையும் அசிட்டோனையும் எடுங்கள்.