ஒரே விதைதான், அங்கே காய்க்குது, இங்கே காய்க்கலையே – ஏன்?



குன்னம் வட்டத்தில் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது, சேமிப்பும் கடன் வரவும் எழுதி முடித்த பிறகு, எங்களிடம் உறுப்பினர்கள் அதிகமாகக் கேட்பது வீட்டுத் தோட்டத்தைப் பற்றித்தான். "அவங்க வீட்டு அவரை பந்தல் கொள்ளாம காய்க்குது, என் வீட்டுல வெறும் இலைதான்." "பாகல் பிஞ்சு வருது, ரெண்டே நாள்ல பழுத்து உதிருது." "கனகாம்பரத்துல விதையே விழ மாட்டேங்குது." "போன வருஷம் தக்காளி அருமையா காய்ச்சுது, அதே விதையைப் போட்டேன், இந்த வருஷம் ஒண்ணுக்கொண்ணு வேற மாதிரி இருக்கு."

இதற்கெல்லாம் "கைராசி இல்லை" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். கைராசி ஒரு காரணமே இல்லை. ரகம், பட்டம், மண், பூ இந்த நாலையும் தெரிந்துகொண்டால் பெரும்பாலான கேள்விக்கு விடை கிடைத்துவிடும். உறுப்பினர்களின் அனுபவங்களையும், பல்கலைக்கழகப் பரிந்துரைகளையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

ஏன் இவ்வளவு அக்கறை?

2019–21-ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது 20 பேர் உள்ள குழுவில் 10 பேருக்கு மேல். ஒரு ஆள் ஒரு நாளைக்குக் காயும் பழமும் சேர்த்து 400 கிராமாவது சாப்பிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சந்தையில் விலை ஏறினால் வீட்டில் முதலில் குறைவது காய்தான். அதிலும் கடைசியாகச் சாப்பிடும் பெண்ணின் தட்டில்தான் குறையும். வீட்டுத் தோட்டம் பொழுதுபோக்கு அல்ல, நம் உடம்புக்கான சேமிப்பு.

பாக்கெட்டில் உள்ள பெயரைப் படிங்க

விதை பாக்கெட்டில் ஏதோ எழுத்தும் எண்ணும் இருக்கும். அது அந்த ரகம் பிறந்த ஊர். பி.கே.எம். என்றால் பெரியகுளம். கோ என்றால் கோயம்புத்தூர். பி.எல்.ஆர். என்றால் கடலூர் பக்கம் உள்ள பாலூர். எம்.டி.யூ. என்றால் மதுரை. கே என்றால் கோவில்பட்டி. இவை எல்லாம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ரகங்கள். 'அர்க்கா' என்று தொடங்கினால் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம். 'பூசா' என்றால் டெல்லி.

சில ரகங்களின் குணம்:

• தக்காளி, கத்தரி பி.கே.எம்-1: நம் வெயிலுக்குத் தாங்கும். விதை எடுத்து மறுபடி போடலாம்.

• வெண்டை அர்க்கா அனாமிகா: மஞ்சள் நரம்பு நோயைத் தாங்குவதற்காக உருவாக்கிய ரகம். இலை நரம்பு மஞ்சளாகிக் காய் வெளுக்கும் தொல்லை உள்ள ஊர்களுக்கு ஏற்றது.

• புடலை கோ-2: காய் குட்டையாக இருக்கும். நுனியில் கல் கட்டித் தொங்கவிட வேண்டிய வேலை இல்லை. தாழ்வான பந்தலுக்குப் பொருந்தும்.

• கீரை கோ-3: இது கிள்ளுக்கீரை. விதைத்து 20 நாளில் முதல் கிள்ளு. பிறகு வாரம் ஒருமுறை வீதம் பத்து முறை வரை கிள்ளலாம். வேரோடு பிடுங்க வேண்டாம்.

• செடிமுருங்கை பி.கே.எம்-1: விதையிலிருந்தே வளர்க்கலாம், ஆறு மாதத்தில் காய்க்கும். செடி இரண்டரை அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளாமல் விட்டால் கொக்கு மாதிரி உயர்ந்து போகும், காய் கைக்கு எட்டாது. முதல் காய்ப்பு முடிந்ததும் மூணடி உயரத்தில் வெட்டிவிட்டால் மறுபடி தழைக்கும்.

பாக்கெட்டில் 'எஃப்-1' அல்லது 'ஹைபிரிட்' என்று இருந்தால் அது வீரிய ஒட்டு. முதல் தடவை நன்றாகக் காய்க்கும். அதில் விதை எடுத்துப் போட்டால் தாய்ச் செடி மாதிரி வராது. "ஒண்ணுக்கொண்ணு வேற மாதிரி" என்று சொன்ன சகோதரியின் தக்காளிக்கு நடந்தது இதுதான். ஒட்டு ரகம் கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதைத் தெரிந்து வாங்குங்கள். வாங்கும்போது முளைப்புத் திறனும் காலாவதி தேதியும் பார்க்க மறக்காதீங்க.

அவரை ஏன் இலையாகவே நிற்குது?

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று பெரியவர்கள் சொன்னதில் கணக்கு இருக்கிறது. பந்தல் அவரை, பகல் நேரம் குறையும்போதுதான் பூக்கும். ஆடியில் போட்டால் மழையில் கொடி வளர்ந்து, பனிக்காலத்தில் சரியாகப் பூவெடுக்கும். அதையே மாசி, பங்குனியில் போட்டால் மாதக்கணக்கில் தண்ணி ஊத்தினாலும் இலைதான். செடி மேல் தப்பில்லை, அதற்குக் காலம் வரவில்லை. எந்தக் காலத்திலும் காய்க்க வேண்டும் என்றால் கோ-14 போன்ற குத்து அவரை இருக்கிறது. அதற்குப் பந்தலும் வேண்டாம்.

சாமந்தியும் இதே சாதிதான். பகல் குறைந்தால் பூக்கும். ஒரு வீட்டில் வாசல் பக்கம் வைத்த சாமந்தி மட்டும் பூக்காமல், பின்பக்கம் வைத்தது பூத்தது. காரணம் வாசலில் விழும் தெருவிளக்கு வெளிச்சம். ராத்திரி வெளிச்சம் பட்டால் செடி அதைப் பகல் என்றே எடுத்துக்கொள்ளும். சாமந்தியை இருட்டுப் பக்கம் மாற்றி வையுங்கள்.

பிஞ்சு ஏன் வெம்புது?

பூசணி, சுரை, பீர்க்கு, புடலை, பாகல் இந்தக் கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்பு. முதலில் வருவது பெரும்பாலும் ஆண் பூதான், அது உதிர்ந்தால் கவலைப்பட வேண்டாம். பெண் பூவின் பிஞ்சு வெம்பினால், பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். வண்டும் தேனீயும் வரவில்லை.

இதற்கு வழி நம் கையிலேயே இருக்கிறது. அன்று மலர்ந்த ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கிவிட்டு, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். நேரம் முக்கியம். பூசணியும் பாகலும் விடிகாலையில் மலரும். சுரையும் பீர்க்கும் சாயங்காலம் மலரும். புடலை பொழுது சாய்ந்த பிறகு. காலை எட்டு மணிக்குப் போய் பீர்க்கம்பூவைத் தடவினால் பலன் இருக்காது.

பிஞ்சில் ஓட்டை இருந்து உள்ளே புழு நெளிந்தால் அது பழ ஈ. உதிர்ந்த காயைக் குப்பையில் போடாமல் ஆழமாகக் குழி எடுத்துப் புதையுங்கள். இல்லாவிட்டால் அதே புழு ஈயாகித் திரும்ப வரும்.

பருத்தி மருந்து வீட்டுச் செடிக்கு வேண்டவே வேண்டாம்

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் அதிகம். கொல்லைக்கு வாங்கின மருந்தில் மிச்சம் இருந்தால், வீட்டுக் கத்தரிக்கும் இரண்டு மூடி அடித்துவிடும் பழக்கம் இருக்கிறது. மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிக்கு அடிக்கக்கூடாது என்று மத்திய அரசு 2005-லேயே தடை போட்டது. பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகள் நம்ம பெரம்பலூர் மாவட்டத்திலேயே 2017-ல் உயிரிழந்தார்கள். வயலில் அடித்தவருக்கே அந்தக் கதி என்றால், இன்று அடித்து நாளை பறித்துக் குழந்தைக்குக் குழம்பு வைக்கும் காயை நினைத்துப் பாருங்கள்.

பதிலாகச் செய்யக்கூடியது:

1. கத்தரியில் நுனித்தண்டு வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. அந்த நுனியைக் கிள்ளி அழியுங்கள். ஓட்டை விழுந்த காயையும் பறித்துவிடுங்கள்.

2. வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடித்து, துணியில் கட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி ஊற வையுங்கள். காலையில் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்துச் சாயங்காலம் தெளியுங்கள்.

3. தக்காளிக்கு நடுவில் செண்டுமல்லி நடுங்கள். காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி செண்டுமல்லியைத் தேடிப் போய் முட்டை வைக்கும். வேரைத் தாக்கும் நூற்புழுவும் குறையும். பூவும் நமக்கு.

4. மஞ்சள் நரம்பு நோய் வந்த வெண்டையைப் பார்த்தவுடன் பிடுங்கிவிடுங்கள். வெள்ளை ஈ அதை அடுத்த செடிக்குக் கொண்டு போகும்.

பூச்செடிகள்: தலைக்கும் ஆச்சு, வருமானமும் ஆச்சு

கனகாம்பரம்: நாட்டு ஆரஞ்சு கனகாம்பரத்தில் விதை விழும். பழுத்த கதிரில் தண்ணீர் பட்டால் விதை படபடவென்று வெடித்துச் சிதறும், அதனால் மழைக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். டெல்லி கனகாம்பரம் விதை கட்டாத ரகம். அதைக் குச்சி வேர்விட வைத்துத்தான் பெருக்க முடியும். விதைக்காகக் காத்திருக்காதீங்க. இரண்டுக்குமே நூற்புழுவும் வாடல் நோயும் எதிரி. நடும்போதே குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போடுங்கள்.

குண்டுமல்லி: கார்த்திகை நடுவில், அதாவது நவம்பர் கடைசியில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குக் கவாத்து செய்ய வேண்டும். "ஆசையா வளர்ந்த செடியை எப்படி வெட்டறது" என்று தயங்கினால் பூ குறையும். புதுக் கிளையில்தான் மொட்டு வரும். மார்ச்சிலிருந்து பூக்கும். முல்லைக்கு ஜனவரியில் கவாத்து.

மார்கழி, தை மாதத்தில் குண்டுமல்லி பூக்காததால்தான் அப்போது மல்லி விலை எகிறுகிறது. வருஷம் முழுக்கப் பூக்கும் கோ-1 நட்சத்திர மல்லிகையைப் பல்கலைக்கழகம் 2019-ல் வெளியிட்டது. விற்பனைக்கு நினைக்கும் குழுக்கள் இதைப் பற்றி விசாரிக்கலாம்.

மண்: நம் பக்கம் பல ஊர்களில் கரிசல். ஐப்பசி மழையில் தண்ணி நின்றால் வேர் அழுகும். அரை அடி மேட்டுப்பாத்தி போட்டுவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. சுண்ணாம்புக் கரிசலில் மல்லிகை இலை நரம்பு மட்டும் பச்சையாக இருந்து மற்ற இடம் வெளுத்துப்போகும். அது இரும்புச்சத்துக் குறைவு, செடிக்கு வந்த ரத்தசோகை என்றே வைத்துக்கொள்ளலாம். அன்னபேதி உப்பு 5 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, பச்சை திரும்பும்வரை மாதம் ஒருமுறை இலையில் தெளியுங்கள்.

நமக்கு வந்த ரத்தசோகைக்கு முருங்கைக்கீரையும் முளைக்கீரையும் உதவும். கூடவே எலுமிச்சை, தக்காளி, நெல்லி ஏதாவது சேர்த்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாக ஒட்டும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அந்தச் சத்து வீணாகும். ஆனால் செவிலியர் கொடுத்த மாத்திரையைக் கீரையை நம்பி நிறுத்திவிடாதீங்க.

விதை நம்ம வீட்டிலேயே இருக்கட்டும்

முன்பெல்லாம் பாட்டிகள் பூசணி, சுரை விதையைச் சாணத்தில் பதித்துச் சுவரில் தட்டி வைப்பார்கள். பீர்க்கு நெற்றைக் கூரையில் தொங்கவிடுவார்கள். அது விதை வங்கி. வேலூர் இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்கும் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாதாரண வீட்டு விவசாயிகள் தலைமுறையாக விதையை விடாமல் வைத்திருந்ததால்தான் அந்தப் பெயர் நிலைத்தது.

நல்ல செடியில், நோய் இல்லாத செடியில், நடுக்காய்ப்பில் வரும் காயை விதைக்கு விடுங்கள். கடைசியில் மிஞ்சின சூம்பிப்போன காயை விதைக்கு விடக்கூடாது. கத்தரியை மஞ்சளாகப் பழுக்க விட வேண்டும். தக்காளி விதையைச் சாறோடு ஒரு நாள் புளிக்க வைத்து, கழுவி, நிழலில் உலர்த்துங்கள். சாம்பல் கலந்து மூடி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரே வீட்டில் இரண்டு ரகப் பூசணி இருந்தால் தேனீ கலந்துவிடும், விதை சுத்தமாக இருக்காது. அதனால் ஒரு வீட்டுக்கு ஒரு ரகம் என்று குழுவில் பிரித்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பக்கத்து வீடாக இருந்தால் கொடிகளுக்குக் கையால் மகரந்தம் சேர்த்து, அந்தப் பெண் பூவைத் துணியால் கட்டி வைக்கலாம்.

அடுத்த கூட்டத்தில் பேச வேண்டியவை

• ஆடிப்பட்டத்துக்கு யார் எந்த ரகம் போடுவது என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள். விதைத்த தேதி, பூத்த தேதி, காய்த்த அளவு மூன்றையும் குறித்து வையுங்கள். "ஞாபகம் இருக்கு" என்பது பட்டம் மாறினால் மறந்துவிடும்.

• விதை, நாற்று வேண்டுமானால் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்திலும் வாலிகண்டபுரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் குழுவாகப் போய்க் கேளுங்கள்.

• அறுவடை முடிந்ததும் ஆளுக்கு ஒரு கைப்பிடி விதையைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளுங்கள். பணம் சேமித்தது போல விதையும் சேமிப்போம். ஒருத்தி வீட்டில் அழிந்தாலும் இன்னொருத்தி வீட்டில் அது இருக்கும்.