அம்மாவின் இரத்த ரிப்போர்ட்டும் அக்கா போட்ட கணக்கும்

அம்மாவுக்குச் சூலகப் புற்றுநோய். சத்திரசிகிச்சை முடிந்து இரண்டாவது கீமோ ஏற்ற வேண்டிய நாள். அன்று காலையில் எடுத்த இரத்தப் பரிசோதனைத் தாளைப் படம் பிடித்து, கனடாவிலுள்ள அக்காவுக்கு அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் அழைத்தாள்.

"நியூட்ரோபில் 82, லிம்போசைட் 10. பிரிச்சா எட்டுக்கு மேல வருது. அஞ்சுக்கு மேல போனாலே கூடாதெண்டு போட்டிருக்கு. டொக்டர் ஒண்டும் சொல்லேல்லையே?"

கட்டிலில் படுத்திருந்த அம்மாவுக்கும் அது கேட்டுவிட்டது. "அப்ப ஏன் பிள்ளை இந்த மருந்து? வீட்டை போவம்" என்றார். முகாமிலும் நிவாரண வரிசையிலும் இலக்கமாகவே நின்று பழகியவர். தாளில் ஓர் இலக்கத்தைக் கண்டால் அதுதான் முடிவு என்று நினைப்பார்.

அக்கா போட்ட கணக்கு பிழையில்லை. நியூட்ரோபில் என்பது காயமோ கிருமியோ வந்தால் முதலில் ஓடிவரும் வெண்குருதிக் கலம். புற்றுநோய்க் கலங்களை இனங்கண்டு தாக்கக்கூடியவை லிம்போசைட்டுகளுக்குள் இருக்கின்றன. புற்றுநோய் உள்ளே ஆறாத புண் போல அழற்சியை மூட்டிக்கொண்டே இருப்பதால் முதலாவது கூடுகிறது, இரண்டாவது குறைகிறது. கட்டிகளுக்குள் வெண்கலங்கள் இருப்பதை ஜேர்மன் வைத்தியர் விர்ஷோ 1863 இலேயே கவனித்திருந்தார்.

குருதிச் சிறுதட்டுக்களும் இதே கதையைச் சொல்கின்றன. 2012 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், சூலகப் புற்றுநோய் கண்ட 619 பெண்களில் 31 சதவீதமானோருக்கு நோய் கண்டறியப்பட்டபோதே சிறுதட்டுக்கள் 450,000 இற்கு மேல் இருந்தன. கட்டியிலிருந்து வெளிவரும் இன்டர்லூக்கின்-6 என்ற பொருள் ஈரலைத் தூண்ட, ஈரல் சிறுதட்டு உற்பத்தியைக் கூட்டிவிடுகிறது. அப்படிக் கூடியிருந்தவர்கள் சராசரியாகக் குறைந்த காலமே உயிர்வாழ்ந்தார்கள். சி.ஆர்.பி. கூடுவதும் அல்புமின் என்ற புரதம் குறைவதும் இதே வகையான அறிகுறிகள்தான்.

ஆனால் "சராசரியாக" என்ற சொல்லை அக்காவும் நானும் தாண்டிப் போய்விட்டோம். நூற்றுக்கணக்கானவர்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது தெரிகிற போக்கு அது. எந்த எண்ணுக்கு மேல் ஆபத்து என்பதிலும் ஆய்வுக்கு ஆய்வு வித்தியாசம் இருக்கிறது. அதோடு இந்த விகிதம் புற்றுநோய்க்கு மட்டும் கூடுவதில்லை. நெஞ்சுச்சளி, சிறுநீர்த் தொற்று, சத்திரசிகிச்சைப் புண் எல்லாவற்றுக்கும் கூடும். எங்கள் ஆட்கள் பலருக்கு இருப்பது போன்ற பழைய செல் காயத்தில் சீழ் பிடித்தாலும் கூடும்.

அம்மாவுக்கு இதில் எதுவுமே இல்லை. வார்ட்டுக்கு வந்த வைத்தியர் தாளைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ராத்திரி குளிசை குடிச்சவவோ?"

குடித்திருந்தார். பக்லிடாக்செல் ஏற்றும்போது ஒவ்வாமை வராமலிருக்க முன்கூட்டியே கொடுக்கும் டெக்சாமெதசோன் என்ற ஸ்டெரொயிட் குளிசை. அது சில மணித்தியாலங்களிலேயே நியூட்ரோபிலைக் கூட்டி லிம்போசைட்டைக் குறைத்துவிடும். சத்திரசிகிச்சைக்கு முன் எடுத்த தாளைத் தேடிப் பார்த்தேன். 68 உம் 20 உம். விகிதம் 3.4.

அதைக்கூட வைத்தியர் பெரிதாக எடுக்கவில்லை. நோய் எந்தக் கட்டத்தில் பிடிபட்டது, சத்திரசிகிச்சையில் கட்டி முழுதாக எடுபட்டதா, கீமோவுக்கு எப்படிக் குறைகிறது, இவைதான் தனக்கு முக்கியம் என்றார். இந்த விகிதத்தை மட்டும் வைத்து யாருக்கும் மருந்தைக் கூட்டவோ நிறுத்தவோ மாட்டார்களாம்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. வயிறு ஊதுகிறது, இரண்டு கவளத்துடன் வயிறு நிறைகிறது, அடிக்கடி சிறுநீர் வருகிறது என்று அம்மா மாதக்கணக்காகச் சொன்னார். 2009 இல் முகாமில் தொடங்கிய காஸ்ட்ரிக்தான் என்று நாங்களே முடிவுகட்டி, கடையில் குளிசை வாங்கிக் கொடுத்தோம். இரத்த விகிதம் பார்ப்பதைவிட, அந்த மாதங்களில் ஒருக்கால் வயிற்றை ஸ்கான் பண்ணியிருக்கலாம்.

அன்று பின்னேரம் அம்மாவுக்குக் கீமோ ஏறியது. இப்போது ஒவ்வொரு ரிப்போர்ட்டின் மூலையிலும் பேனையால் எழுதி வைக்கிறேன்: காய்ச்சல் இருந்ததா, குளிசை எப்போது குடித்தவர். அதன் பிறகுதான் அக்காவுக்குப் படம் போகிறது.