தெளிவற்ற கேள்வியும் சந்தேகத்தின் பலனும்

குன்றத்தூர், சேக்கிழார் பெருமான் அவதரித்த ஊர். மலையினும் பெரியது எது, கடலினும் பெரியது எது, உலகினும் பெரியது எது என்று சோழ மன்னன் விடுத்த மூன்று கேள்விகளுக்கு அவர் திருக்குறளைக் கொண்டு விடை பகர்ந்தார் என்பது கர்ண பரம்பரை. விடையைச் சொற்களால் விளக்க அவருக்கு இடமிருந்தது. இக்காலத்துப் பரீக்ஷை அவ்விதமன்று. நான்கு வட்டங்களில் ஒன்றைக் கருப்பாக்குவதோடு வித்தியார்த்தியின் வாய் அடைபட்டு விடுகிறது. கேள்விக்குத் தான் கொண்ட பொருள் இன்னதென்று சொல்ல அவனுக்கு எள்ளளவும் இடமில்லை. ஆதலின் கேட்பவரின் பொறுப்பு பதின்மடங்காகிறது.

அப்பொறுப்பு எவ்வாறு நிறைவேறுகிறது? 2018 மே 6ந் தேதி நடந்த நீட் பரீக்ஷையின் 180 கேள்விகளில் 49 கேள்விகளுடைய தமிழ் மொழிபெயர்ப்பு பிழையானது என்று, அப்போது ராஜ்ய சபை அங்கத்தினராயிருந்த ஸ்ரீ டி. கே. ரங்கராஜன் மதுரை ஹைகோர்ட்டுக் கிளையில் வழக்குத் தொடுத்தார். சிவிங்கிப்புலி என்றிருக்க வேண்டிய இடத்தில் 'சீத்தா' என்றிருந்ததாம். தமிழ்ச் சிறுவனுக்குச் சீத்தா என்றால் பழமல்லவா? மொழிபெயர்ப்பில் சந்தேகம் நேர்ந்தால் ஆங்கில வாசகமே முடிவானது என்பது பரீக்ஷை விதி. ஓடம் வேண்டுமென்று கரையில் நிற்பவனை, நீந்தி வந்து ஓடத்தில் ஏறிக்கொள் என்பதற்கும் இதற்கும் என்ன பேதம்?

தமிழில் எழுதிய சுமார் 24,700 பேருக்குக் கேள்விக்கு 4 வீதம் 196 மார்க்கு அளிக்குமாறு ஜூலை 10ந் தேதி ஹைகோர்ட்டு உத்தரவிட்டது. நவம்பர் 22ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்தது. சரியாக விடையளித்தவனுக்கும் தவறியவனுக்கும் ஒரே அளவில் மார்க்கு வழங்குவது பூரண நியாயமென்று நாம் வாதிக்கவில்லை. ஆனால் மருந்து பொருந்தாது என்று விலக்கிய பிறகு, நோய்க்கு வேறு சிகிச்சை செய்தவர் யார்?

2024-ல் அணுவைப் பற்றிய ஒரு பௌதிகக் கேள்வி தகராறுக்குள்ளாயிற்று. பழைய பாடப்புத்தகத்தை நம்பியவர்களுக்காக இரண்டு விடைகள் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தன. சுப்ரீம் கோர்ட்டின் விருப்பப்படி டில்லி ஐ.ஐ.டி. நிபுணர் மூவர் ஆராய்ந்து, ஒரு விடையே சரி என்றனர். 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மார்க்கு இழந்தனர். முழு மார்க்கு பெற்றவர் 61-லிருந்து 17 ஆயினர். மூன்று நிபுணர் ஒரே நாளில் தீர்த்த விஷயத்தைப் பரீக்ஷைக்கு முன்பே தீர்த்திருக்கலாகாதா?

இதில் சட்டத்தின் நிலை என்ன? சந்தேகத்துக்கிடமான கேள்வியை நீக்கிவிட வேண்டுமென்று 1983-ல் கான்பூர் சர்வகலாசாலை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. 2017-ல் ரண் விஜய் சிங் வழக்கிலோ, சந்தேகத்தின் பலன் பரீக்ஷை நடத்துவோரையே சேரும் என்றது. இப்பிந்திய கொள்கையை நாம் மரியாதையுடன் மறுக்கிறோம். பத்திரத்தில் வாசகம் தெளிவில்லாவிடில் அதை எழுதியவனுக்கு விரோதமாகவே பொருள் கொள்வது வழக்கறிஞர் யாவரும் அறிந்த நியாயம். பெரிய கம்பெனிக்கு ஒரு நியாயம், பதினேழு வயதுப் பிள்ளைக்கு வேறு நியாயமா?

நாம் கோருவன மூன்றே. தமிழ் வாசகத்தைத் தமிழில் போதிக்கும் உபாத்தியாயர்கள் முன்கூட்டிப் பரிசோதிக்க வேண்டும். ஆக்ஷேபணைகளைக் கேள்வி தயாரித்தவர்களல்லாத நிபுணர்கள் விசாரித்து, காரணத்துடன் முடிவை வெளியிட வேண்டும். ஆக்ஷேபணைக்குக் கேள்வி ஒன்றுக்கு ரூ. 200 வாங்கித் திருப்பித் தராத வழக்கம் ஒழிந்து, ஆக்ஷேபணை மெய்யானால் பணம் திரும்ப வேண்டும்.

குன்றத்தூரிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் தொழிலாளிக்கு ஒன்று நன்கு தெரியும்: அச்சு கோணலானால் வார்ப்பும் கோணலாகும், குற்றம் அச்சினுடையதே. அவன் வீட்டுப் பிள்ளையின் விடைத்தாளைத் திருத்துவோரும் இதை உணர வேண்டுமென்பதே நமது வேண்டுகோள்.