பள்ளி மைதானத்து வெள்ளிக்காசு: தோண்டும் முன் கேளுங்கள்

அமெரிக்காவில் 1964 வரை அச்சான டைம், குவார்ட்டர், அரை டாலர் காசுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. 1965-இல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட நாணயச் சட்டத்தோடு டைமிலும் குவார்ட்டரிலும் வெள்ளி நின்றுபோனது. அரை டாலரில் மட்டும் 1970 வரை நாற்பது பங்கு இருந்தது. அதற்கு முந்தைய தலைமுறைகளில் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கும் மிட்டாய்க்கும் வீட்டில் கொடுத்த வெள்ளிக்காசைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். ஊஞ்சலடியிலும் பந்தாடும் இடத்திலும் மரத்தடியிலும் விழுந்த காசுகளில் பல இன்னும் புல்லுக்குக் கீழே சில அங்குல ஆழத்தில் கிடக்கின்றன. மண்ணில் செம்பு பச்சைபிடித்துப் போகும். வெள்ளி பெரும்பாலும் பளிச்சென்றே வெளியே வரும். மெட்டல் டிடெக்டரோடு பழைய பள்ளி மைதானங்களைத் தேடிப் போகிறவர்கள் அங்கே இத்தனை பேர் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அமெரிக்காவில் குடியேறிய நம் குடும்பங்களிலும் இந்த ஆர்வம் தொற்றிக்கொள்ளக்கூடியது. பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு கருவி வாங்கிக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவதில் தவறென்ன என்று தோன்றும். தேடுவதில் தவறில்லை, அது அருமையான பொழுதுபோக்கு. வரலாற்றைக் கையில் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பும்கூட. ஆனால் அந்த மண் யாருடையது என்று தெரிந்துகொண்டு, எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு பிடி மண்ணைக்கூடக் கிளறாதீர்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், விசாவில் இருக்கும் ஒருவருக்கு இந்த விளையாட்டு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை.

அரசுப் பள்ளி என்றால் பொதுச்சொத்து, யாரும் போகலாம் என்ற எண்ணம்தான் முதல் தவறு. மைதானம் அந்தப் பகுதியின் பள்ளி மாவட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். நடக்கவும் பந்தாடவும் திறந்துவிட்டிருக்கலாம்; தோண்டுவதற்கான அனுமதி அதில் அடங்காது. விதி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். ஓரிடத்தில் கருவியோடு நடக்கலாம், தோண்டக் கூடாது. வேறோர் இடத்தில் கருவியே கூடாது. காவலாளியோ விளையாட்டு ஆசிரியரோ தலையாட்டினால் போதாது. மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள்: எந்தப் பள்ளி, எந்த நாள், எத்தனை அங்குல ஆழம், குழியை எப்படி மூடுவீர்கள், கிடைப்பது யாருக்கு. பதில் கடிதத்தை அச்செடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். மறுத்துவிட்டால், எழுத்தில் உள்ள விதியின் நகலைக் கேட்கலாம். பள்ளி வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவார்கள். அங்கே போய்க் கோரிக்கை வைக்கலாம். பள்ளி நடக்கும் நேரத்தில் மட்டும் எந்த அனுமதி இருந்தாலும் போகாதீர்கள். பிள்ளைகள் இருக்கும் வளாகத்தில் முன்பின் தெரியாத ஒருவர் கையில் கருவியோடு நின்றால் யாராக இருந்தாலும் போலீசைத்தான் கூப்பிடுவார்கள், கூப்பிடவும் வேண்டும்.

போலீஸ் வந்தால் பதறாதீர்கள். கருவியைத் தரையில் வைத்துவிட்டு, கைகள் தெரியும்படி நில்லுங்கள். தோண்டும் கத்தி கையில் இருந்தால் முதலில் அதைக் கீழே போடுங்கள். அனுமதிக் கடிதம் இருந்தால், எடுத்துக் காட்டட்டுமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் இருக்கவும், கைதானால் வழக்கறிஞரைக் கேட்கவும் அமெரிக்க அரசியல் சட்டம் தரும் உரிமை குடிமகன் அல்லாதவருக்கும் உண்டு. பொய் மட்டும் சொல்லக் கூடாது. எதையாவது பறிமுதல் செய்தால் ரசீது கேளுங்கள்.

அத்துமீறி நுழைந்தது, பொதுச்சொத்தைச் சேதப்படுத்தியது என்று வழக்கு வந்தால், உள்ளூர்க்காரருக்கு அது பெரும்பாலும் அபராதத்தோடு முடியும். நமக்கு அங்கே முடியாது. கிரீன் கார்டு விண்ணப்பத்திலும் குடியுரிமை விண்ணப்பத்திலும் எப்போதாவது கைதானதுண்டா என்ற கேள்வி இருக்கிறது. வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலும் அதற்கு உண்மையான பதில் எழுதித்தான் ஆக வேண்டும். ஆகவே அபராதத்தைக் கட்டித் தொலைத்துவிடலாம் என்று நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன், குடிவரவுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கட்டாயம் பேசுங்கள். இரண்டரை கிராம் எடையுள்ள ஒரு டைமுக்காகப் பத்து வருடக் காத்திருப்பைப் பணயம் வைக்க வேண்டாம்.

மத்திய அரசு நிலம் என்றால் விஷயம் இன்னும் கடுமை. தேசியப் பூங்காக்களில், மூட்டை கட்டாமல் கருவியைக் கையில் வைத்திருப்பதே குற்றம். 1979-ஆம் ஆண்டின் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டம், மத்திய அரசு நிலத்திலும் பழங்குடி மக்களின் நிலத்திலும் நூறாண்டு கடந்த தொல்பொருள்களை அனுமதியின்றி எடுப்பதைத் தடுக்கிறது. முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை. பொருளின் மதிப்பும் சேதத்தைச் சீரமைக்கும் செலவும் சேர்ந்து 500 டாலரைத் தாண்டினால் இரண்டாண்டு வரை. பழைய ஒற்றை அறைப் பள்ளிக்கூடங்கள் சில இத்தகைய நிலங்களிலும் நிற்கின்றன. கட்டடம் பாழடைந்து கிடக்கிறது, கேட்பார் இல்லை என்று நினைத்து இறங்கிவிடக் கூடாது. அங்கே பழைய பொருள் ஒன்று எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் ஆய்வாளருக்குச் செய்தி. பிடுங்கி எடுத்தபின் அது வெறும் உலோகம்.

கிடைத்தது யாருக்குச் சொந்தம்? கண்டவருக்கே என்று நம்மில் பலர் நம்புகிறோம். மண்ணில் புதைந்திருந்த பொருளை நிலத்துக்காரருக்கு உரியதாகவே பல மாநில நீதிமன்றங்கள் கருதியிருக்கின்றன. அத்துமீறி நுழைந்தவருக்குப் பெரும்பாலும் எந்த உரிமையும் கிடையாது. அனுமதிக் கடிதத்தில் ‘கிடைப்பது யாருக்கு’ என்ற வரி வேண்டும் என்றது இதற்காகத்தான். மோதிரம், கைக்கடிகாரம் போன்ற தொலைந்த பொருள்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. கலிபோர்னியாவில், உரியவர் யாரென்று தெரியாத 100 டாலர் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள பொருளைப் போலீசில் ஒப்படைக்க வேண்டும். உரியவர் வந்து கேட்க 90 நாள் அவகாசம். நியூயார்க்கில் வரம்பு 20 டாலர்தான். பத்து நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். பள்ளி முடித்தவர்கள் அணியும் மோதிரங்களில் ஆண்டும் பள்ளிப் பெயரும் இருக்கும், சில சமயம் பெயரின் முதலெழுத்துகளும். பழைய ஆண்டு மலரைப் புரட்டினாலே உரியவரைக் கண்டுபிடித்துவிடலாம். ஐம்பது வருடத்துக்கு முன் தொலைத்த மோதிரம் திரும்பி வந்தால் ஒருவருக்கு எப்படி இருக்கும்!

வரியையும் மறக்க வேண்டாம். பதினைந்து டாலருக்குப் பழைய பியானோ ஒன்றை வாங்கிய தம்பதிக்கு அதனுள்ளே 4,467 டாலர் ரொக்கம் கிடைத்தது. அது வருமானமே, வரி கட்டியாக வேண்டும் என்று 1969-இல் ஒஹாயோவில் உள்ள மத்திய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மண்ணில் கிடைக்கும் புதையலுக்கும் இதே விதிதான்.

அனுமதி கிடைத்தபின் தோண்டுவதிலும் பொறுப்பு இருக்கிறது. மைதானத்துப் புல்லுக்கடியில் நீர்தெளிப்புக் குழாய்களும் கம்பிகளும் ஓடும். 811 என்ற எண்ணுக்கு முன்கூட்டி அழைத்தால் பொதுப் பயன்பாட்டுக் குழாய்களும் மின்கம்பிகளும் போகும் பாதையை இலவசமாகக் குறித்துக் கொடுப்பார்கள். பள்ளியின் சொந்தக் குழாய்கள் அதில் வராது. அவற்றைப் பராமரிப்பாளரிடம் கேட்க வேண்டும். புல்லை மூன்று பக்கம் வெட்டி மூடிபோல் திருப்பி, மண்ணை ஒரு துணியில் குவித்து, வேலை முடிந்ததும் அப்படியே நிரப்பி மிதித்துவிட வேண்டும். மூடாத குழியில் நாளை ஓடிவரும் ஒரு பிள்ளையின் கணுக்கால் மடங்கும். 1978-க்கு முந்தைய பழைய கட்டடங்களின் சுவரோரம் உதிர்ந்த பெயிண்டால் மண்ணில் ஈயம் கலந்திருக்கலாம். சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கு அது கெடுதல். சுவரோரத்தை விட்டுத் தள்ளித் தேடுங்கள், கையுறை போடுங்கள், கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். துப்பாக்கிக் குண்டோ வெடிபொருளோ போலத் தெரிந்தால் தொடாமல் விலகி 911-ஐ அழையுங்கள். காசைப் புளி போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். தேய்த்த காசுக்கு நாணயம் சேர்ப்பவர்களிடம் மதிப்பு குறைந்துவிடும்.

விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அந்தக் கருவியைப் பெட்டியில் எடுத்துவந்து, தாத்தா படித்த பள்ளிக்கூடத்து மைதானத்தில் தேடிப்பார்க்க ஆசை வரலாம். இங்கே சட்டமே வேறு. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், தோராய மதிப்பு, கிடைத்த இடம், தேதி. பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவந்து தருவதற்குப் பிணை கொடுக்க வேண்டும். மறைத்தால் கண்டவர் தன் பங்கை இழப்பார். ஓராண்டு வரை சிறையும் உண்டு. ஒழுங்காகத் தெரிவித்தவருக்கு இந்தச் சட்டம் தாராளமாகவே நடந்துகொள்கிறது. விசாரணையில் உரிமையாளர் இல்லாத புதையல் என்று முடிவானால், வேறு ஏற்பாடு இல்லாத நிலையில் முக்கால் பங்கு கண்டவருக்கு, கால் பங்கு நிலத்துக்காரருக்கு. அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால், உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் மண்ணை அகற்றும்போது ஒரு கலயத்தில் 505 தங்கக் காசுகள் கிடைத்தன. அவையும் கருவூலத்துக்குத்தான் போயின. கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

திரும்பிப் போகும்போது இன்னொன்று. பாட்டி பெட்டியில் இருந்த விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாயை நினைவுப் பொருளாக அமெரிக்காவுக்கு எடுத்துப்போக வேண்டாம். அந்த ராணி இறந்தது 1901-இல். அவர் தலை பொறித்த ரூபாய் எதுவும் நூறு வயதுக்குக் குறைந்ததாக இருக்க முடியாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயத்தைத் தனியார் யாரும் நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லக் கூடாது. ஆறு மாதத்திலிருந்து மூன்றாண்டு வரை சிறை விதிக்க அதில் இடமுண்டு. வயது சரியாகத் தெரியாத காசு என்றால், பயணத்துக்கு முன்பே இந்தியத் தொல்லியல் துறையின் நிபுணர் குழுவிடம் காட்டி, தொல்பொருள் அல்ல என்ற சான்றை வாங்கிக்கொள்ளுங்கள்.