ஆறுதல் பணிக்கு ஆசிரியர் உருவாவது எப்படி?

அமெரிக்காவின் பெரிய மருத்துவமனைகளில் டாக்டர், நர்ஸ், சமூகப் பணியாளர் ஆகியோருடன் இன்னொருவரும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார். அவருக்கு 'சாப்ளெய்ன்' என்று பெயர். காலையில் அறுவை சிகிச்சை என்ற நினைப்பில் தூக்கமில்லாமல் கிடப்பவர், பிறந்த குழந்தையைப் பறிகொடுத்த தாய், வென்டிலேட்டரை நிறுத்தச் சொல்வதா வேண்டாமா என்று தவிக்கும் பிள்ளைகள் - இவர்கள் பக்கத்தில் போய் உட்காருவதுதான் அவர் வேலை. தன் மதத்தை நோயாளிமீது திணிப்பதைத் தொழில் நெறிமுறை தடை செய்கிறது. கடவுள் நம்பிக்கை இல்லாதவரிடமும் அவர் போகிறார்.

இந்தப் பணிக்கு முறையான பயிற்சி உண்டு. அந்தப் பயிற்சியை நடத்துவதற்குத் தனியாக இன்னொரு தகுதிச் சான்றும் உண்டு. வார்டில் பல ஆண்டுகள் பழுத்த சாப்ளெய்னாக இருந்தாலும், கற்பிக்க விரும்பினால் மறுபடியும் மாணவராகச் சேர்ந்து சில ஆண்டுகள் பயில வேண்டும். அப்படித் தேறியவருக்குச் 'சான்றளிக்கப்பட்ட கல்வியாளர்' என்று பெயர். இவர்கள் எப்படி உருவாகிறார்கள், ஏன் எளிதில் கிடைப்பதில்லை என்று பார்ப்போம்.

நோயாளியாக இருந்தவர் தொடங்கியது

ஆன்டன் பாய்சன் (1876-1965) ஒரு புராட்டஸ்டன்ட் போதகர். 1920இல் கடுமையான மனநோய்க்கு ஆளாகி, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மனநல மருத்துவமனைகளில் ஓராண்டுக்கும் மேல் இருந்தார். தனக்குள் நடந்தது நோய் மட்டுமல்ல, வாழ்க்கையின் பொருளைத் தேடும் ஆன்மிகப் போராட்டமும்கூட என்று அவர் நம்பினார். குணமாகி வெளியே வந்தபின் அதையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டு, 1924இல் வூஸ்டர் மாநில மருத்துவமனையில் சாப்ளெய்னாகச் சேர்ந்தார். மறு ஆண்டு கோடையில் இறையியல் மாணவர்கள் சிலரை அங்கே வரவழைத்து, வார்டு உதவியாளர்களாக வேலை பார்க்கவைத்தார். வேத நூலைப் படிக்கும் அதே கவனத்தோடு துன்பப்படும் மனிதரையும் படிக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

அதே 1925இல், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றியிருந்த டாக்டர் ரிச்சர்ட் காபட், மருத்துவ மாணவர்களைப் போல இறையியல் மாணவர்களும் ஓராண்டு மருத்துவமனையில் பயில வேண்டும் என்று கோரிக் கட்டுரை எழுதினார். இருவர் முயற்சியும் சேர்ந்ததில் 1930இல் இதற்கென ஓர் அமைப்பு பாஸ்டனில் உருவானது. ஆனால் ஒற்றுமை நீடிக்கவில்லை. மனநோயின் வேர் உள்ளப் போராட்டத்தில் இருக்கலாம் என்ற பாய்சனின் கருத்தைக் காபட் ஏற்கவில்லை. ஒரு பிரிவு மனநல மருத்துவமனைகளையும் உளப்பகுப்பாய்வையும் நாடியது. மற்றொரு பிரிவு பொது மருத்துவமனைகளில் நோயாளியைக் கவனிக்கும் திறனை வளர்ப்பதிலேயே நின்றது. பின்னர் வேறு அமைப்புகளும் தோன்றின. தனித்தனியே நடந்த நான்கு அமைப்புகள் 1967இல் ஒன்றாயின. சுருக்கமாக 'ஏசிபிஇ' எனப்படும் அந்த அமைப்பு இன்று அமெரிக்காவில் பயிற்சி மையங்களை அங்கீகரிக்கிறது. கல்வியாளர்களுக்குச் சான்றும் அளிக்கிறது. பாய்சனின் முதல் கோடைப் பயிற்சிக்கு 2025இல் நூறு ஆண்டுகள் நிறைந்தன.

400 மணி நேரத்தில் என்ன நடக்கிறது?

'கிளினிக்கல் பாஸ்டரல் எஜுகேஷன்' என்பது பயிற்சியின் பெயர், வழக்கில் 'சிபிஇ'. ஓர் அலகு என்பது குறைந்தது 400 மணி நேரம். அதில் கணிசமான பகுதி நோயாளிகளோடு. மீதி வகுப்பிலும் குழு விவாதத்திலும் கல்வியாளருடனான தனிச் சந்திப்பிலும் கழியும். சாப்ளெய்னாகத் தொழில்முறைச் சான்று பெற வழக்கமாக நான்கு அலகுகள், முதுநிலைப் பட்டம், தன் சமயச் சமூகத்தின் பரிந்துரை, பணி அனுபவம் எல்லாம் வேண்டும்.

வகுப்பின் முதுகெலும்பு 'வெர்பேட்டிம்'. 1930களில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் சாப்ளெய்னாக இருந்த ரஸ்ஸல் டிக்ஸ், நோயாளிகளுடன் தான் பேசியதை அப்படியே எழுதிவைத்து ஆராயும் பழக்கத்தைக் கொண்டுவந்தார். இன்றும் மாணவர் ஒரு சந்திப்பை முடித்ததும் நினைவிலிருந்து வரிக்கு வரி எழுதுகிறார். உதாரணத்துக்கு இப்படி ஒன்றை வைத்துக்கொள்வோம்:

நோயாளி: இந்த ஆபரேஷன் காப்பாத்துமான்னு டாக்டருக்கே தெரியலையாம்.

மாணவர்: கவலைப்படாதீங்க. இந்த ஊர்லயே நல்ல சர்ஜன் அவர்தான்.

நோயாளி: ம்... மழை இன்னைக்கு விடாது போல.

மாணவர் சொன்னதில் பொய் இல்லை, அன்புக்கும் குறைவில்லை. ஆனால் நோயாளி சாவைப் பற்றிப் பேச வாயெடுத்தார். கிடைத்த பதிலைக் கேட்டதும் மழைக்குத் தாவிவிட்டார். குழுவில் இதை வாசிக்கும்போது சக மாணவர்கள் அந்த இடத்தைச் சுட்டிக்காட்டுகிறார்கள். 'இப்படிச் சொல்லியிருக்கலாம்' என்று நல்ல வாக்கியம் ஒன்றை எடுத்துக் கொடுப்பது கல்வியாளரின் வேலை இல்லை. 'அந்த நேரத்தில் உங்களுக்குள் என்ன நடந்தது?' என்று கேட்பதுதான் அவர் வேலை. மாணவர் யோசித்துப் பார்த்தால், தன் அப்பாவின் கடைசி நாட்களில் வீட்டில் எல்லோரும் இப்படித்தான் பேச்சை மாற்றினார்கள் என்பது நினைவுக்கு வரலாம். அடுத்த நாள் அவர் வார்டுக்குப் போகும்போது அந்தத் தெளிவோடு போகிறார்.

கற்பிப்பது தனிக் கலை

நன்றாகப் பாடுபவர் எல்லோரும் நல்ல பாட்டு வாத்தியார் ஆகிவிடுவதில்லை. வார்டில் சாப்ளெய்னின் கவனம் நோயாளிமீது. வகுப்பில் அவர் நேரே பார்க்க முடியாத நோயாளி ஒருவர், எதிரே மாணவர், சுற்றிலும் குழு, மேலே மருத்துவமனை நிர்வாகம் என்று நான்கு பக்கமும் கவனிக்க வேண்டும். நல்ல சாப்ளெய்னுக்கு ஆறுதல் தரத்தான் கை முந்தும். கல்வியாளரோ மாணவரின் சங்கடத்தை உடனே துடைத்துவிடாமல், அதிலிருந்து அவர் கற்றுக்கொள்ளும்வரை பொறுத்திருக்க வேண்டும். மதிப்பீட்டு அறிக்கை எழுதும் அதிகாரமும் அவர் கையில் இருக்கிறது. 'நீங்கள் இன்னும் தயாராகவில்லை' என்று முகத்துக்கு நேரே சொல்லும் துணிவும் வேண்டும்.

அதனால் கல்வியாளர் பயிற்சிக்கு வருபவர், சாப்ளெய்ன் பயிற்சியின் உயர் நிலைகளை முன்பே முடித்திருக்க வேண்டும். அனுபவமுள்ள கல்வியாளர் ஒருவரின் மேற்பார்வையில், உண்மையான மாணவர் குழுக்களை அவர் நடத்துகிறார். கூடவே மூன்று துறைகளில் தன் நிலைப்பாட்டை எழுதி நிறுவ வேண்டும். முதலாவது, இறையியல் அல்லது ஆன்மிகப் பார்வை: துன்பத்தை அவர் எப்படிப் புரிந்துகொள்கிறார்? இரண்டாவது, ஆளுமை பற்றிய கோட்பாடு: மனிதர் ஏன் இப்படி நடந்துகொள்கிறார், எப்படி மாறுகிறார்? மூன்றாவது, கல்விக் கோட்பாடு: வயதுவந்தவர் அனுபவத்திலிருந்து எப்படிக் கற்கிறார், குழு எப்படி இயங்குகிறது? புத்தகங்களைத் தொகுத்துக் கொடுத்தால் போதாது. எழுதியதற்கும் வகுப்பில் செய்வதற்கும் பொருத்தம் இருக்கிறதா என்று தேர்வாளர்கள் பார்க்கிறார்கள்.

அதைப் பார்க்க ஒரு வழி, வகுப்பின் ஒளிப்பதிவு. மேலே சொன்ன உதாரணத்தையே தொடர்வோம். அந்த மாணவர் தன் தவறை உணர்ந்து முகம் வாடி உட்கார்ந்திருக்கிறார். பயிற்சிக் கல்வியாளர் அவரிடம், 'பரவாயில்லை, எல்லோருக்கும் நடப்பதுதான், அடுத்த முறை சரியாகிவிடும்' என்கிறார். பதிவை ஓடவிட்டுப் பார்க்கும்போதுதான் தெரிகிறது, நோயாளியின் பயத்தை மாணவர் எப்படி மூடினாரோ அப்படியே மாணவரின் வருத்தத்தை இவர் மூடிவிட்டார் என்பது. கட்டிலருகே நடந்தது வகுப்பறையிலும் நடந்திருக்கிறது. உளசிகிச்சை மேற்பார்வையில் இதை 'இணைச் செயல்பாடு' என்பார்கள். அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் ஹெரால்ட் சேர்ல்ஸ் 1955இல் இதைக் கவனித்து எழுதினார். எக்ஸ்டீன், வாலர்ஸ்டீன் இருவரும் 1958இல் வெளியிட்ட நூலில் இதை விரித்தார்கள். சிபிஇ உலகம் அதைத் தன் முக்கியக் கருவிகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. மாணவரைத் திருத்துவதற்கு முன் தன்னையே பார்க்கத் தெரிந்திருக்கிறதா என்பதுதான் கல்வியாளருக்கு வைக்கப்படும் உண்மையான தேர்வு.

இதில் ஆபத்தும் உண்டு. மாணவரின் சொந்த வாழ்க்கை வகுப்புக்குள் வரும்போது, பயிற்சி எங்கே முடிகிறது, உளசிகிச்சை எங்கே தொடங்குகிறது என்ற கோடு எளிதில் அழியும். கண்ணீர் வரவைத்தால்தான் பாடம் நடந்தது என்று நினைக்கும் கல்வியாளர், மாணவரைக் காயப்படுத்திவிடுவார். நோயாளியின் கவனிப்புக்கு உதவும் அளவுக்கு மட்டுமே சொந்தக் கதையைத் தொட வேண்டும். அதற்கு மேல் போனால் தகுந்த ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும். இந்த எல்லையைக் காக்கத் தெரியாதவர்களைத் தடுத்து நிறுத்துவதும் நீண்ட பயிற்சியின் ஒரு நோக்கம்.

தேவாலயத்துக்கு வெளியே

தொடக்கத்தில் ஆசிரியரும் மாணவரும் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். இன்று வகுப்பில் கத்தோலிக்கர், யூதர், இஸ்லாமியர், பௌத்தர், இந்து, எந்த மதத்தையும் சாராதவர் எல்லோரும் உட்காருகிறார்கள். நியூயார்க்கில் ஜென் பௌத்த மையம் ஒன்று ஏசிபிஇ அங்கீகாரத்துடன் பயிற்சி நடத்துகிறது. விதிகள் மட்டும் பழைய அச்சில் வார்த்தவை. திருச்சபைகளுக்கு ஒருவரைப் பரிந்துரைக்கும் நிர்வாக அமைப்பு இருக்கிறது. இந்துவுக்கு யார் பரிந்துரைக் கடிதம் தருவது? இறையியல் பட்டத்துக்கு இணையாக எதைக் கணக்கில் கொள்வது? இந்தச் சிக்கல்களால், கிறிஸ்தவர் அல்லாத ஒருவர் கல்வியாளர் நிலையை எட்டுவது இன்னும் கடினமாகிறது.

ஏன் ஆள் கிடைப்பதில்லை?

முதல் காரணம் காலம். பட்டம், சாப்ளெய்ன் பயிற்சி, பணி அனுபவம், அதன்பின் கல்வியாளர் பயிற்சி என்று கூட்டிப் பார்த்தால், சான்று கைக்கு வரும்போது பலருக்கு நடுவயது. இரண்டாவது பணம். அமெரிக்காவில் சாப்ளெய்னின் பணிக்குக் காப்பீட்டு நிறுவனத்திடம் பொதுவாகத் தனிக் கட்டணம் வசூலிக்க முடியாது. நிர்வாகத்தின் கணக்கில் அந்தத் துறை செலவுப் பத்தியில்தான் வரும். தகுதிபெற்ற பயிற்சித் திட்டங்களுக்கு, முதியோருக்கான மெடிகேர் திட்டம் செலவில் ஒரு பங்கைத் தருகிறது என்பது சிறு ஆறுதல். சம்பளத்தோடு கல்வியாளர் பயிற்சி பெறும் இடங்கள் குறைவு. அதற்காக ஊர்விட்டு ஊர் போக வேண்டியிருக்கும்.

மூன்றாவது காரணம் இந்தக் கல்வியின் இயல்பிலேயே இருக்கிறது. நூறு பேருக்கு அரங்கில் சொற்பொழிவாற்றி இதைக் கற்பிக்க முடியாது. ஒரு கல்வியாளர், ஒரு சிறு குழு; அதுவே அளவு. 2020இல் கோவிட் காலத்தில் வகுப்புகள் இணையத்துக்கு மாறியபின் தொலைவு ஓரளவு குறைந்திருக்கிறது. குழுவின் அளவைப் பெருக்க இணையத்தாலும் முடியவில்லை. ஒரு மையத்தின் கல்வியாளர் ஓய்வுபெற்றால், தகுதியுள்ள இன்னொருவர் கிடைக்கும்வரை அங்கே மாணவர் சேர்க்கை நின்றுவிடும்.

நமக்கு இதில் என்ன?

தமிழ்நாட்டுக்கு இது முற்றிலும் புதிதல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சாப்ளெய்ன் துறை நெடுங்காலமாக இயங்கி வருகிறது, பயிற்சியும் தருகிறது. மிஷன் மருத்துவமனைகளைத் தாண்டி இந்த ஏற்பாடு அதிகம் பரவவில்லை. ஆனால் தேவை எல்லா இடங்களிலும் இருக்கிறது. நோய்த் தணிப்புச் சிகிச்சையில் உடல் வலி, மன வேதனையோடு ஆன்மிகத் துயரையும் கவனிக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் நோய்த் தணிப்புச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. படுத்த படுக்கையாக இருப்பவர், 'நான் என்ன பாவம் பண்ணினேன், எனக்கு ஏன் இப்படி?' என்று கேட்டால், வீட்டுக்கு வரும் நர்ஸுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் போகலாம்.

அமெரிக்க முறையை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. பட்டம், பரிந்துரை போன்றவை அந்த நாட்டின் வரலாற்றோடு பிறந்தவை. ஆனால் நடந்த உரையாடலை எழுதிப் படிப்பது, சிறு குழுவில் விவாதிப்பது, கற்பிப்பவரை இன்னொருவர் உடனிருந்து கவனித்துத் திருத்துவது ஆகிய மூன்றுக்கும் மதம் கிடையாது. நர்சிங் கல்லூரிகளும் நோய்த் தணிப்பு மையங்களும் நாளையே இதைத் தொடங்கலாம். இரண்டு நாள் பயிலரங்கு நடத்தி நூறு பேருக்குச் சான்றிதழ் கொடுப்பதைவிட, பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து ஆசிரியர்களாக்க மூன்று நான்கு ஆண்டுகள் செலவிடுவது மேல். மருத்துவக் கல்வி இயக்ககமும் தனியார் மருத்துவமனைகளும் பணம் ஒதுக்க வேண்டியது முதலில் அந்தப் பத்துப் பேருக்குத்தான்.