நூலின் இனமறிதல்

கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தில் மிளகாயின் காரத்தைத் தேடுவோனும், நூலின் இனமறியாது குறைகூறுவோனும் ஒப்பாவர். அமெரிக்க எழுத்தாளர் எட் சேர்ன் 1959ஆம் ஆண்டு இத்தவற்றை வேண்டுமென்றே செய்து நகை விளைவித்தார். டி. எச். லோரன்ஸின் 'சட்டர்லி சீமாட்டியின் காதலன்' நாவலை, வேட்டைச் சஞ்சிகையொன்றில், வேட்டைக்காட்டுக் காவலருக்கான கைந்நூலெனக் கொண்டு மதிப்புரை வரைந்தார். பறவை வளர்ப்பை அறிய விரும்புவோர் வேண்டாத பக்கங்கள் பலவற்றைக் கடக்கவேண்டியுள்ளதே என வருந்தினார். அப்பக்கங்களே காதற்கதை!

யாழ்ப்பாணத்துக்கும் இத்தகைய நகை புதிதன்று. நட்டுவச் சுப்பையனாரின் 'கனகி புராணம்' பெயராற் புராணம். பொருளால் வண்ணார்பண்ணை நடனமாது ஒருத்தியையும் அவளை நாடியோரையும் எள்ளும் அங்கதம். தலைப்பை நம்பிப் பக்தியோடு விரிப்பவர் ஏமாறுவர்.

ஆதலின் நேயர்களே, குறைகாணுமுன் நூல் யாதாக அமைய முயன்றது என வினவுக. மாணவரின் கட்டுரையைத் திருத்தும் ஆசிரியருக்கும் இவ்விதி பொருந்தும்.